கார்டில் நெகட்டிவ், ஸ்லைடில் இரண்டு வளையம்: மலேரியாவுக்கு எதை நம்புவது?

ஸ்லைடுக்காரி | திங்கள், இரவு 9.50

எல்லாருக்கும் வணக்கம். டி.எம்.எல்.டி. முடிச்சு ஒரு வருஷம் ஆகுது. கடலோர ஊர் ஒண்ணுல சின்ன லேபில் வேலை. இன்னைக்கு நடந்த ஒரு விஷயம் மனசைக் குடையுது.

32 வயசு ஆள். மங்களூருக்குப் படகு வேலைக்குப் போய்ட்டுத் திரும்பினவர். அஞ்சு நாளா விட்டு விட்டுக் காய்ச்சல், நடுக்கம். டெங்கு நெகட்டிவ். பிளேட்லெட் 88,000, வெள்ளை அணு 4,200. டாக்டர் மலேரியா பார்க்கச் சொன்னார். கார்டு (ரத்தச் சொட்டு விட்டா கோடு காட்டுற உடனடிச் சோதனை) போட்டேன், சோதனை சரியா நடந்ததுன்னு காட்டுற கன்ட்ரோல் கோடு மட்டும்தான் வந்தது. பிளேட்லெட் குறைஞ்சிருக்கே, ஊரும் மலேரியாவுக்குப் பேர்போன மங்களூராச்சேன்னு சந்தேகத்துல ஸ்மியரும் (ஸ்லைடுல ரத்தம் தடவி, சாயம் போட்டு மைக்ரோஸ்கோப்ல பார்க்கறது) போட்டேன். மெல்லிசாத் தடவின தின் ஸ்மியரில் ஒண்ணும் சிக்கல. தடிமனா வெச்ச திக் ஸ்மியர் சிவப்பா திட்டுத் திட்டா ஆகிடுச்சு. அதோட ஓரத்துல ரெண்டு வளையம் மாதிரி பார்த்தேன். பாரசைட்டா (மலேரியா ஒட்டுண்ணி இளசா இருக்கறப்போ வளையம் மாதிரி தெரியும்), பிளேட்லெட்டா, சாயத் தூசியான்னு அடிச்சுச் சொல்ல முடியல.

லேப் பொறுப்பாளர், "கார்டு நெகட்டிவ்னா நெகட்டிவ்தான், ரிப்போர்ட் கொடுத்துடு. இனிமே ஸ்மியர் வேண்டாம், நேரம் வீண்"னு சொல்லிட்டார். நான் இன்னும் கொடுக்கல. காலையில டாக்டர் கேட்பார். என்ன எழுதட்டும்?

---

நூறாவது லென்ஸ் | திங்கள், இரவு 10.25

நெகட்டிவ்னு எழுதாதேம்மா. "சந்தேகம் உள்ளது, மறு ரத்த மாதிரி தேவை"ன்னு எழுதி டாக்டருக்குப் போன் பண்ணியும் சொல்லு.

மலேரியா ஒழிப்புத் திட்டத்துல 31 வருஷம் ஸ்லைடு பார்த்து ரிட்டயர் ஆனவன் நான். முதல்ல மூணு கேள்வி. என்ன சாயம் போட்டே? எந்தத் தண்ணி? ரத்தம் விரல் நுனியில எடுத்ததா, ரத்தம் உறையாம வைக்கிற ஈ.டி.டி.ஏ. டியூபில இருந்ததா? டியூப்னா எத்தனை மணி நேரம் கழிச்சு ஸ்மியர் போட்டே?

---

ஸ்லைடுக்காரி | திங்கள், இரவு 10.40

லீஷ்மன் சாயம் சார், ரெண்டு ஸ்மியருக்குமே. சாயத்தோட சேர்க்கிற பஃபர் தண்ணி பி.எச். (அமில-காரத் தன்மை) 6.8, வெள்ளை அணு வகைகளை எண்ணற டிஃபரென்ஷியல் கவுண்டுக்கு வெச்சிருக்கறதுதான். ரத்தம் டியூபில வந்தது, காலையில எடுத்தது. நான் ஸ்மியர் போட்டப்போ மத்தியானம் மூணு மணி.

---

நூறாவது லென்ஸ் | திங்கள், இரவு 11.15

மூணுமே உன்னைக் கவுத்திருக்கு. ஒவ்வொண்ணாச் சொல்றேன்.

லீஷ்மன்ல மெத்தனால் இருக்கு. அது பட்டதும் சிவப்பணு அப்படியே ஃபிக்ஸ் ஆகிடும். தின் ஸ்மியருக்கு அதுதான் வேணும், ஏன்னா அணு உடையாம இருந்தாத்தான் பாரசைட் எந்த அணுவுக்குள்ள எப்படி உட்கார்ந்திருக்குன்னு பார்க்க முடியும். திக் ஸ்மியர் அதுக்கு நேர் எதிர். அங்க சிவப்பணு உடைஞ்சு ஹீமோகுளோபின் வெளியே போயிடணும், பாரசைட்டும் வெள்ளை அணுவும் மட்டும் மிஞ்சணும். நீ மெத்தனாலைக் கொட்டி எல்லாத்தையும் பிடிச்சு வெச்சுட்டே, அதான் சிவப்புத் திட்டு. லீஷ்மன்தான் இருக்குன்னா, திக் ஸ்மியரை முதல்ல தண்ணியில நிறம் போறவரைக்கும் வெச்சு, காயவெச்சு, அப்புறம் சாயம் போடணும். ஜீம்சா சாயம்னா இந்தத் தொல்லையே இல்ல. தண்ணியில கலக்கறதால சாயம் ஏறும்போதே அணு உடைஞ்சிடும். 3 சதவீதக் கரைசல்ல 45 நிமிஷம், அவசரம்னா 10 சதவீதத்துல 10 நிமிஷம்.

பி.எச். விஷயம் இன்னும் முக்கியம். மலேரியாவுக்கு 7.2 வேணும். வைவாக்ஸ், ஃபால்சிபாரம்னு மலேரியா பாரசைட்ல இனங்கள் உண்டு. வைவாக்ஸ் புகுந்த சிவப்பணுவில தெரியற ஷூஃப்னர் புள்ளிகள் 6.8ல பெரும்பாலும் தெரியாது. அந்தப் புள்ளி இல்லாம இளசான வளையத்தை மட்டும் வெச்சு வைவாக்ஸா ஃபால்சிபாரமான்னு சொல்றது ரொம்பக் கஷ்டம்.

டியூப் ரத்தம் ஒரு மணி நேரத்துக்குள்ள ஸ்மியர் ஆகணும். நேரம் ஆக ஆக பாரசைட் உருவம் கெடும், புள்ளியும் மங்கும்.

நாளைக்கு அவரை வரச் சொல்லி விரல்ல குத்தி எடு. காய்ச்சல் ஏறுற நேரத்துக்குக் காத்திருக்க வேண்டாம். ஒரு தடவை பார்த்துக் கிடைக்கலேன்னா 12 மணி நேரம், 24 மணி நேரம் விட்டு மறுபடி பாரு. திக் ஸ்மியர் எவ்வளவு தடிமன்னு கேட்பே. காயறதுக்கு முன்னாடி ஸ்லைடைச் செய்தித்தாள் மேல வெச்சா எழுத்தைப் படிக்க முடியணும், அதுதான் அளவு. சூடு காட்டிக் காயவைக்காதே.

---

நுண்ணுயிர் | செவ்வாய், காலை 6.30

மருத்துவ நுண்ணுயிரியல் துறையில் பணிபுரிகிறேன். மேலே ஐயா சொன்ன அனைத்தும் சரி. கார்டு ஏன் தவறவிட்டிருக்கலாம் என்பதை மட்டும் நான் சேர்க்கிறேன்.

நம் நாட்டில் புழங்கும் கார்டுகளில் பெரும்பாலும் இரண்டு வகை ஆன்டிஜென்களை (ஒட்டுண்ணியின் புரதங்களை) தேடுகிறோம். ஹெச்.ஆர்.பி-2 ஃபால்சிபாரம் மட்டுமே சுரக்கும் புரதம். எல்.டி.எச். என்பது எல்லா மலேரியா ஒட்டுண்ணிகளிடமும் உள்ள நொதி. வைவாக்ஸைக் கார்டு கண்டுபிடிப்பது இதை வைத்துத்தான். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 100 முதல் 200 ஒட்டுண்ணிகள் இருந்தால் நல்ல கார்டு காட்டிவிடும். அதற்குக் கீழே போகப் போகக் கோடு மங்கி மறையும். எல்.டி.எச். கோடு அதிலும் முதலில் மங்கும். வைவாக்ஸ் இளம் சிவப்பணுக்களை மட்டுமே தாக்குவதால் அதன் எண்ணிக்கை பொதுவாகவே குறைவு. ஆக, குறைந்த எண்ணிக்கையிலான வைவாக்ஸ்தான் கார்டுக்கு மிகக் கடினமான நோயாளி. உங்கள் மங்களூர்க்காரர் அந்த வகையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

நல்ல திக் ஸ்மியரில் அனுபவசாலி ஒரு மைக்ரோலிட்டருக்கு 5 முதல் 10 வரை உள்ளதைக்கூடப் பிடித்துவிடுவார். சாதாரண லேபில், சாதாரணக் கண்ணுக்கு அது 50 முதல் 100. கார்டைவிடப் பெரிய வித்தியாசம் இல்லையே என்று தோன்றும். உண்மைதான். இங்கே வித்தியாசத்தை உண்டாக்குவது பார்க்கும் ஆளின் பயிற்சி.

---

கோராப்புட் நாட்கள் | செவ்வாய், காலை 8.05

இழையைப் படித்தேன். ஒரு மாற்றுக் கருத்து.

ஒடிசாவில் கோராப்புட் மலைப்பகுதியில் சில வருடம் மருத்துவராக இருந்தேன். அங்கே ஃபால்சிபாரம்தான் அதிகம், குழந்தை ஒரே ராத்திரியில் கோமாவுக்குப் போய்விடும். கார்டு வருவதற்கு முன்னால் என்ன நடந்தது தெரியுமா? ஊழியர் ஸ்லைடு எடுப்பார். அது மலை இறங்கி ஆரம்ப சுகாதார நிலையம் போய், சாயம் ஏறி, பார்த்து, ரிசல்ட் திரும்பி வர வாரங்கள் ஆகும். ரிசல்ட் பாசிட்டிவ் என்று வரும்போது பிள்ளை இருக்காது. கார்டு வந்ததும் கிராமச் சுகாதாரத் தொண்டரான ஆஷா ஊழியர் குடிசை வாசலில் உட்கார்ந்து விரலைக் குத்தி, 15-20 நிமிடத்தில் பார்த்து, அங்கேயே முதல் வேளை மாத்திரையைக் கொடுக்கிறார். 2017-ல் ஒடிசா அரசு தொடங்கிய 'தமன்' திட்டத்தில் எட்டாத கிராமங்களில் காய்ச்சல் இல்லாதவர்களையும் சேர்த்துச் சோதித்தார்கள். கையில் இருந்தது கார்டு. மைக்ரோஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு அது நடந்திருக்காது.

ஸ்மியர்தான் உயர்ந்தது, கார்டு தாழ்ந்தது என்று பேசுவது எனக்கு ஒப்பவில்லை. நல்ல மைக்ரோஸ்கோப்பிஸ்ட் இருக்கும் ஊருக்கு ஸ்மியர். அவர் இல்லாத ஊர்தான் இந்தியாவில் அதிகம்.

---

நூறாவது லென்ஸ் | செவ்வாய், காலை 9.20

டாக்டர் சொல்றதை முழுசா ஒத்துக்கறேன். நானே ஆயிரக்கணக்கான ஸ்லைடு தேங்கிக் கிடந்ததைப் பார்த்தவன். பாசிட்டிவ்னு எழுதும்போது எடுத்த தேதியைப் பார்த்துக் கை கூசும். அதுவும் ஜே.எஸ்.பி. சாயம் இருந்தும்! ஜஸ்வந்த் சிங்கும் பட்டாச்சார்ஜியும் 1944-ல நம்ம நாட்டுக்குன்னே உருவாக்கினது. நொடிக் கணக்குல முக்கி எடுத்தாப் போதும், விலையும் மலிவு. சாயம் வேகமா இருந்தும் ஸ்லைடு நடந்து வர்ற பாதை வேகமா இல்ல.

ஆனா இந்தப் பொண்ணோட லேபில மைக்ரோஸ்கோப் மேசை மேல இருக்கு. ஆளும் இருக்கு. அங்க ஸ்மியர் வேண்டாம்னு சொல்றதைத்தான் என்னால ஏத்துக்க முடியல.

---

வடமராட்சி | செவ்வாய், முற்பகல் 11.00

தங்கச்சி, யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுறன். பொதுச் சுகாதார ஆய்வுகூடத்தில் வேலை.

எங்கட நாட்டில் உள்ளூரில் தொற்றிய கடைசி மலேரியா நோயாளி 2012 ஒக்டோபரில். 2016 செப்டெம்பர் 5ஆம் திகதி உலக சுகாதார நிறுவனம் மலேரியா அற்ற நாடு எண்டு சான்றிதழ் தந்தது. 1934-35ல் ஏறக்குறைய 80,000 பேரைப் பலிகொடுத்த நாடு இது. 1963ல் நாடு முழுக்க 17 பேருக்குத்தான் மலேரியா எண்டு வந்து, பிறகு நாங்கள் அசந்ததால் 1969க்குள்ள பெருந்தொற்றாகத் திரும்பி வந்ததும் இதே நாட்டில்தான். அதனால் இப்பவும் வெளிநாட்டிலிருந்து வாறவர்களைத் தேடித் தேடி ரத்தம் பார்க்கிறம்.

இப்ப எங்களுக்குள்ள சிக்கல் வேறு மாதிரி. வருசம் முழுக்க ஸ்லைட் பார்த்தாலும் ஒரு ஒட்டுண்ணியும் கண்ணில் படாது. பார்க்காத கண் மறந்துபோகும். அதுக்காகப் பழைய பொசிட்டிவ் ஸ்லைட்டுகளைச் சேமித்து வைத்து, அடிக்கடி எடுத்துப் பார்த்துப் பழகிறம். நெகட்டிவ் ஸ்லைட்டுகளையும் இன்னொருவர் மீளப் பார்ப்பார். கார்டும் போடுவம், ஸ்லைட்டும் போடுவம், சந்தேகம் எண்டால் ஒட்டுண்ணியின்ர டி.என்.ஏ.யைத் தேடுற பி.சி.ஆர். சோதனைக்கு அனுப்புவம். 2018 டிசெம்பரில் வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவரிடமிருந்து உள்ளூரில் ஒருவருக்கு வைவக்ஸ் தொற்றினது. ஒரு ஆள்தான், ஆனால் அந்தச் செய்தி வந்த நாள் எனக்கு நித்திரை வரேல்ல.

உங்கட பக்கத்துக் கடற்கரையும் எங்கட கடற்கரையும் ஒரே கடல்தான். அந்த மனிசனை விட்டுடாதேங்கோ.

---

பாலைப்பயணி | செவ்வாய், பகல் 1.35

நான் லேப் ஆள் இல்லை, நோயாளி. என் அனுபவத்துக்கு விளக்கம் கிடைக்குமா?

உகாண்டாவில் கட்டுமான வேலை. அங்கே ஃபால்சிபாரம் வந்து, ஆர்டிமிசினின் கூட்டு மாத்திரை மூன்று நாள் சாப்பிட்டுக் குணமானேன். மூன்று வாரம் கழித்து ஊருக்கு வந்தபோது சளிக்காய்ச்சல். ஒரு இடத்தில் கார்டு போட்டு 'மலேரியா பாசிட்டிவ்' என்று மறுபடி முழு மருந்தும் கொடுத்தார்கள். நான் குணமாகவே இல்லையா? மருந்து கேட்காத மலேரியாவா? வீட்டில் எல்லோரும் பயந்துபோனார்கள்.

---

நுண்ணுயிர் | செவ்வாய், மாலை 5.10

உங்கள் பயம் நியாயமானது. ஆனால் நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது பெரும்பாலும் பழைய நோயின் சுவடாகத்தான் இருந்திருக்கும். ஹெச்.ஆர்.பி-2 புரதம் ஒட்டுண்ணி செத்த பிறகும் ரத்தத்தில் வாரக்கணக்கில் சுற்றும், சிலருக்கு ஒரு மாதம் தாண்டியும் கார்டில் கோடு வரும். சிகிச்சை பலித்ததா என்று பார்க்க அந்தக் கார்டைப் போடவே கூடாது. எல்.டி.எச். உயிருள்ள ஒட்டுண்ணி சுரப்பது, மருந்து வேலை செய்தால் சில நாட்களில் மறைந்துவிடும். ஆனாலும் சிகிச்சைக்குப் பிந்தைய கேள்விக்கு உறுதியான பதில் ஸ்மியர்தான். எண்ணிக்கை நேற்று எவ்வளவு, இன்று எவ்வளவு, இறங்குகிறதா என்று அதில் பார்க்கலாம். ஃபால்சிபாரத்தில் மருந்துக்குப் பிறகும் பிறை வடிவக் கேமிட்டோசைட்டுகள் (ஒட்டுண்ணியின் இனப்பெருக்க வடிவம்) சில நாள், சில வாரம்கூடத் தென்படும். அவை காய்ச்சல் தருவதில்லை, கொசுவுக்குத் தொற்றும். அதைப் பார்த்தும் சிலர் மருந்து தோற்றது என்று எழுதிவிடுகிறார்கள்.

பி.சி.ஆரும் இந்தக் கேள்விக்கு உதவாது, செத்ததன் டி.என்.ஏ.வையும் அது எடுத்துக் காட்டும்.

ஆப்பிரிக்காவிலிருந்து திரும்புபவர்களுக்கு எதிர்ப்பக்கச் சிக்கலும் உண்டு. ஹெச்.ஆர்.பி-2 மரபணுவையே இழந்த ஃபால்சிபாரம் வகைகள் இருக்கின்றன. பெருவின் அமேசான் பகுதியில் கண்டறியப்பட்டு 2010-ல் வெளிவந்தது. பிறகு எரித்ரியா, எத்தியோப்பியா, ஜிபூட்டி என்று கண்டார்கள். நம் நாட்டின் மத்திய, கிழக்கு மாநிலங்களிலும் குறைந்த அளவில் பதிவாகியிருக்கிறது. அந்த ஒட்டுண்ணி ரத்தம் முழுக்க நிறைந்திருந்தாலும் ஃபால்சிபாரம் கோடு வராது. அதே நோயாளியின் ஸ்மியரில் வளையம் வளையமாகத் தெரியும். ஒட்டுண்ணி மிதமிஞ்சி இருந்தாலும் அரிதாகக் கோடு மங்கலாம். எனவே கோட்டின் அடர்த்தியை வைத்து நோயின் கடுமையைச் சொல்லாதீர்கள்.

---

சபா தமிழன் | செவ்வாய், இரவு 8.20

மலேசியாவிலிருந்து ஒரு குறிப்பு. ஸ்மியரே ஏமாற்றும் இடம் எங்கள் நாடு. இங்கே 2018 முதல் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் உள்ளூர் மலேரியா இல்லை. ஆனால் குரங்கிடமிருந்து வரும் நோலெசி என்ற மலேரியா இனம் இருக்கிறது. சரவாக்கில் காப்பிட் பகுதியில் 'மலேரியே' (மலேரியாவில் மிதமான ஓர் இனம்) என்று ஸ்லைடில் எழுதப்பட்ட நோயாளிகள் வழக்கத்துக்கு மாறாகக் கடுமையாக இருந்தார்கள். பி.சி.ஆர். செய்தால் பெரும்பாலும் நோலெசி. 2004-ல் அது வெளியானது. லென்ஸில் இளம் வளையம் ஃபால்சிபாரம் போலவும், முதிர்ந்தது மலேரியே போலவும் இருக்கும். 24 மணி நேரத்துக்கு ஒரு சுற்று பெருகுவதால் ஒரு நாள் தாமதமும் ஆபத்து. கார்டும் நோலெசியைப் பலமுறை தவறவிடும். எனவே இங்கே மலேரியே என்று ஸ்லைடில் கண்டால் நோலெசி என்றே நினைத்துச் சிகிச்சை தொடங்குகிறோம், பி.சி.ஆர். பிறகு வந்து பேரைச் சொல்லும்.

---

ஸ்லைடுக்காரி | செவ்வாய், இரவு 9.30

எல்லாருக்கும் நன்றி. டாக்டர்கிட்ட உள்ளதைச் சொன்னேன், திட்டல. நாளைக்குக் காலையில அவரை வரச் சொல்லியிருக்கார். ஜீம்சா வாங்கியாச்சு, 7.2 பஃபரும் தயார்.

ஒரு சந்தேகம். எங்க பக்கத்துல பெரிய லேபில க்யூ.பி.சி.ன்னு ஒரு டெஸ்ட் போடறாங்க. அது எப்படி? அப்புறம் பி.சி.ஆருக்கே அனுப்பிட்டா இந்தக் குழப்பம் வராதில்லையா?

---

நூறாவது லென்ஸ் | செவ்வாய், இரவு 10.10

க்யூ.பி.சி.யில மெல்லிய குழாய்ல ரத்தத்தை எடுத்து வேகமாச் சுத்துவாங்க. பாரசைட் உள்ள அணு எடை குறைஞ்சு வெள்ளை அணுப் படலத்துக்குப் பக்கத்துல ஒதுங்கும். அக்ரிடின் ஆரஞ்சு சாயம் ஏறிப் புற ஊதா வெளிச்சத்துல மின்னும். சீக்கிரம் தெரியும், கொஞ்சமா இருந்தாலும் மாட்டும். ஆனா எந்த இனம்னு நம்பிச் சொல்ல முடியாது, எண்ணவும் முடியாது. குழாயை எடுத்து வெச்சு நாளைக்கு இன்னொருத்தருக்குக் காட்டவும் முடியாது. ஸ்லைடுன்னா பத்து வருஷம் கழிச்சும் பார்க்கலாம்.

இனம் ஏன் முக்கியம்னு உனக்குத் தெரியும். வைவாக்ஸ்னா குளோரோகுயினோட 14 நாள் பிரைமாகுயின், ஃபால்சிபாரம்னா வேற மருந்து. "மலேரியா பாசிட்டிவ்"னு மட்டும் எழுதற ரிப்போர்ட் பாதி ரிப்போர்ட்.

---

நுண்ணுயிர் | செவ்வாய், இரவு 10.45

பி.சி.ஆர். ஒரு மைக்ரோலிட்டருக்கு ஒன்றிரண்டு இருந்தாலும் காணும், கலப்புத் தொற்றைப் பிரித்துச் சொல்லும். ஆனால் மாதிரி போய் முடிவு திரும்ப ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகும். ஃபால்சிபாரம் நோயாளிக்கு அந்த அவகாசம் கிடையாது. அதே போல டி.என்.ஏ.வைத் தேடும், 60-65 டிகிரி நிலைச் சூட்டிலேயே நடக்கும் 'லாம்ப்' முறை ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், ஆனால் சிறு லேபுகளுக்கு இன்னும் எட்டவில்லை. மலேரியா ஆன்டிபாடி சோதனையை இந்தக் கேள்விக்குப் போடவே வேண்டாம். எப்போதோ வந்து போனதையும் அது சொல்லும்.

இன்னொன்று. வைவாக்ஸ் கல்லீரலில் உறங்கும் நிலையில் இருக்கும்போது இதில் எந்த முறையாலும் கண்டுபிடிக்க முடியாது. அதற்குத்தான் பிரைமாகுயின். அதற்கு முன், சிவப்பணுவைக் காக்கும் ஜி6பி.டி. என்ற நொதி குறைவாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

---

ஸ்லைடுக்காரி | புதன், இரவு 8.40

கிடைச்சிடுச்சு!

விரல்ல குத்தி உடனே ரெண்டு ஸ்மியரும் போட்டேன். திக் ஸ்மியர் இந்தத் தடவை சுத்தமா, பின்னணி வெளிறி, வெள்ளை அணு ஊதாவா வந்தது. 200 வெள்ளை அணு எண்ணினதுல ரெண்டுதான் கிடைச்சுது, அதனால 500 வரைக்கும் எண்ணினேன். மொத்தம் ஆறு பாரசைட். வெள்ளை அணு 8,000னு பொதுவா வெச்சா மைக்ரோலிட்டருக்கு 96 வருது. ஆனா அவரோட எண்ணிக்கை 4,200தானே, அதை வெச்சா ஏறக்குறைய 50. கார்டு ஏன் பேசலைன்னு இப்பத்தான் புரியுது. மறுபடி ஒரு கார்டும் போட்டுப் பார்த்தேன், இன்னைக்கும் கன்ட்ரோல் கோடு மட்டும்தான்.

தின் ஸ்மியரில் தேட ஒண்ணரை மணி நேரம் ஆச்சு. அணு பெருத்திருந்தது, பாரசைட் கை கால் நீட்டின மாதிரி கலைஞ்ச உருவம், சுத்தி இளஞ்சிவப்புப் புள்ளிகள். சார், புள்ளி தெரிஞ்சதும் சத்தம் போட்டுட்டேன், பக்கத்துல ரத்தம் கொடுக்க உட்கார்ந்திருந்த பாட்டி பயந்துட்டாங்க.

வைவாக்ஸ்னு எழுதிக் கொடுத்துட்டேன். ஜி6பி.டி.க்கும் அனுப்பியாச்சு, குளோரோகுயின் இன்னைக்கே ஆரம்பிச்சுட்டாங்க. பொறுப்பாளரைக் கூப்பிட்டு லென்ஸ் வழியா காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். காய்ச்சலோட வர்றவங்களுக்குக் கார்டோட ஸ்மியரும் போடலாம்னு சொல்லியிருக்கார்.

---

நூறாவது லென்ஸ் | புதன், இரவு 9.05

ரொம்ப சந்தோஷம்மா. எண்ணினதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம், நிறைய பேர் பாசிட்டிவ்னு எழுதிட்டு எழுந்துடுவாங்க. எண்ணெயை மெல்ல ஒத்தி எடுத்துட்டு ரெண்டு ஸ்லைடையும் பத்திரப்படுத்து, ஒண்ணை மாவட்ட மலேரியா அலுவலகத்துக்குக் கொடு. மூணாவது நாள் மறுபடி ஒரு ஸ்லைடு எடுத்து எண்ணு. அவரோட வேற யாராவது ஊர் திரும்பினாங்களான்னு கேட்டியா?

---

ஸ்லைடுக்காரி | புதன், இரவு 9.20

கேட்டேன் சார். அதே படகில இருந்த நாலு பேர் ஊருக்கு வந்திருக்காங்களாம், ஒருத்தருக்கு நேத்துல இருந்து உடம்பு வலி. சுகாதார ஆய்வாளருக்குப் போன்ல சொல்லிட்டேன். நாலு பேரும் நாளைக்குக் காலையில வர்றாங்க. அவங்களுக்கு வேண்டிய ஸ்லைடைக் கழுவித் துடைச்சு அடுக்கி வெச்சுட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.